பரணிலிருந்து இறங்கிய இளவேனில்: வாசகர் கேள்வி பதில்

பங்குனி பாதி கடந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு பாதி மாவடுவையும் வேப்பம்பூவையும் பற்றியதாக இருக்கும். மறுபாதி, கோடை விடுமுறைக்குப் பரணைச் சுத்தம் செய்யப்போய்க் கிடைத்த பழங்காகிதங்களைப் பற்றியதாக இருக்கும். இம்முறை வந்த கடிதங்கள் சிலவற்றில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்தே வந்திருக்கின்றன.

வசந்தம் என்று ஒரு பருவம் நமக்கு உண்மையிலேயே இருக்கிறதா? எங்கள் ஊரில் பனி விலகிய மறுநாளே வெயில் கொளுத்தத் தொடங்கிவிடுகிறது.
— ஒரு வாசகர், சேலம்

இருக்கிறது; ஆனால் அது நாள் முழுவதும் நீடிப்பதில்லை. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியவை. மரங்களோ பஞ்சாங்கத்துக்காகக் காத்திருப்பதில்லை. பங்குனியிலேயே புங்கமரம் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் தளிர்களைப் போர்த்திக்கொள்கிறது. அதைத் தொடர்ந்து அடிமரத்தைச் சுற்றி வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள் கொட்டிக் கிடக்கின்றன. சங்கப் புலவர்கள் அந்தப் பூவைப் பொரிக்கு ஒப்பிட்டார்கள். ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் அது உவமையாகவே தோன்றாது, பொரிதான் என்று தோன்றும்.

நம்முடைய வசந்தம் காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிந்துவிடுகிறது என்பதே என் கணக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் குயில் கூவுகிறது, வேப்பமரத்தடியில் மணம் தங்கியிருக்கிறது, முதல் நாள் மாலை தொடுத்த மல்லிகை இன்னும் வாடாமல் இருக்கிறது. எட்டு மணிக்கு எழுந்திருப்பவர் வசந்தம் இல்லை என்று சொன்னால், அவர் சொல்வது அவரளவில் உண்மைதான்.

வேப்பம்பூவைக் கடையில் வாங்கினால் குச்சியும் மண்ணுமாக இருக்கிறது. வீட்டிலேயே சேகரித்து வைப்பது எப்படி?
— ஒரு வாசகி, விழுப்புரம்

இரவில் மரத்தடியைப் பெருக்கிவிட்டு, பழைய வேட்டி ஒன்றை விரித்து, நான்கு மூலைகளிலும் கல் வைத்துவிடுங்கள். விடியற்காலையில் உதிர்ந்த பூ மட்டும் அதில் இருக்கும், மண் இருக்காது. முறத்தில் இட்டு லேசாகப் புடைத்தால் காம்பும் இலைத் துணுக்கும் பிரிந்துவிடும். விரலால் நசுக்கினால் பொடியாகும் வரை காயவைத்துக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்தால் அடுத்த சித்திரை வரை கெடாது. சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் புதுப் பூவையே பயன்படுத்துங்கள்; காய்ந்த பூவை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதில் போட்டாலும் நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, இறக்கும்போது கடைசியாகச் சேர்க்க வேண்டும். பூ கொதித்தால் கசப்பு முழுவதும் ரசத்தில் இறங்கிவிடும்.

காலமான என் தாயார் மாவடு போடும் அளவைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். “வடு 1 படி, உப்பு 1 ஆழாக்கு, மிள. 30, கடுகு, மஞ்., வி.எ. 2 கர., 3 நாள் கு.” என்று அதில் இருக்கிறது. எனக்குப் பாதி புரியவில்லை. தாள் நான்காக மடிந்து, மஞ்சள் கறையுடன், மடிப்புகளில் கிழியும் நிலையில் உள்ளது. இதைப் படித்துச் சொல்வதோடு, காப்பாற்றும் வழியையும் கூறுங்கள்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

“வி.எ.” என்பது விளக்கெண்ணெய், “கர.” என்பது கரண்டி, “கு.” என்பது குலுக்கு. தனக்கென்று எழுதிக்கொள்பவர்கள் முழுச் சொல்லை எழுதுவதில்லை. எட்டு ஆழாக்கு சேர்ந்தது ஒரு படி என்பதால், உங்கள் தாயார் சொல்வது எட்டுப் பங்கு வடுவுக்கு ஒரு பங்கு உப்பு. படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. ஆகவே அவர் வீட்டுப் படி எவ்வளவு பிடிக்கும் என்று தேடி அலைய வேண்டாம். எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கு நிற்கும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: அவர் குறித்திருப்பது கல் உப்பு. கல் உப்பின் இடையிடையே காற்று நிற்பதால் அதே பாத்திரம் நிறையத் தூள் உப்பை அளந்தால் எடை கூடிவிடும். ஊறுகாய் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும்.

காம்போடு கூடிய, கொட்டை முற்றாத உருண்டை வடுவாகத் தேர்ந்தெடுங்கள். கழுவித் துணியில் ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெயை எல்லா வடுவின் மேலும் படும்படி புரட்டி, ஜாடியில் வடுவும் உப்பும் மஞ்சள்பொடியுமாக அடுக்க வேண்டும். முதல் நாள் ஜாடிக்குள் கலகலவென்று ஓசை கேட்கும். உப்பு வடுவின் நீரை வெளியே இழுக்க இழுக்க அந்த ஓசை மந்தமாகி, மூன்றாம் நாள் குலுக்கும்போது தளும்பும் ஒலியாக மாறும். அந்த நீரை வடித்து, அதிலேயே மிளகாயையும் கடுகையும் அரைத்து மறுபடி ஊற்ற வேண்டும். வேறு தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. இந்தப் படி அந்தத் தாளில் இல்லை. அவருக்கு அதை எழுதிவைக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

இனி, தாளுக்கு வருவோம். முதலில் இருபுறமும் ஒளிப்படம் எடுத்துவிடுங்கள். முன்பக்கத்தில் உள்ள தேதியும் நட்சத்திரமும் இராகுகாலமும்கூட அந்தக் குறிப்பின் பகுதிதான், ஏனெனில் எந்த ஆண்டு எந்த நாளில் கிழித்த தாளில் அவர் எழுதினார் என்பதை அவையே சொல்லும். பிறகு மடிப்பை வலிந்து நிமிர்த்தாமல், தானாகத் திறக்கும் அளவுக்கு மட்டும் திறந்து, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை ஒரு வாரம் வையுங்கள். காலண்டர் தாள் மலிவான மரக்கூழால் ஆனது. அந்தக் கூழில் எஞ்சியிருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுத்தான் தாளைப் பழுப்பாக்கி, நொறுங்கச் செய்கிறது. ஆகவே சட்டமிட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம். படத்தைப் பிரதி எடுத்துச் சமையலறையில் மாட்டிவிட்டு, மூலத்தை இருட்டில் வையுங்கள். மஞ்சள் கறையைப் போக்க வெயிலில் காட்டும் யோசனை வரக்கூடும். வெயிலில் மஞ்சள் வெளிறும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் தாளும் போய்விடும். கறை இருந்துவிட்டுப் போகட்டும். அது அவர் கைக் கறை.

கிழிந்த மடிப்பில் செல்லோடேப் ஒட்டலாமா? அல்லது லாமினேஷன் செய்துவிட்டால் பத்திரமாக இருக்குமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

இரண்டும் கூடாது. செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் ஊறும். பிளாஸ்டிக் உதிர்ந்த பின்னும் கறை நிற்கும். லாமினேஷனைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. பழந்தாளுக்குச் செய்யும் எந்தக் காரியமும் பின்னாளில் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு திருமண அழைப்பிதழ் கிடைத்தது. “சோபகிருது வருஷம் சித்திரை மாதம்” என்று மட்டுமே இருக்கிறது. ஆங்கில ஆண்டு இல்லை. பின்புறம் யாரோ மளிகைக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க முடியுமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

முடியும்; அதிலும் நீங்கள் பொருட்படுத்தாத மளிகைக் கணக்குதான் முடிவைச் சொல்கிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், சோபகிருது சித்திரை என்பது 1903 ஆகவோ, 1963 ஆகவோ, 2023 ஆகவோ இருக்கலாம். நீங்கள் அனுப்பிய நகலில் “கொத்தமல்லி 10 ந.பை.” என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. ரூபாய்க்கு நூறு பைசா என்ற தசம நாணய முறை 1957 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய பைசாவிலிருந்து பிரித்துக் காட்ட அதற்கு “நயா பைசா” என்று பெயரிட்டார்கள். 1964இல் “நயா”வை எடுத்துவிட்டார்கள். எனவே உங்கள் அழைப்பிதழ் 1963 சித்திரையில் நடந்த திருமணத்துடையது. கணக்கு அணாவில் இருந்திருந்தால் 1903ஐயும் யோசிக்க வேண்டியிருக்கும்.

இதுபோன்ற தடயங்கள் காகிதமெங்கும் இருக்கின்றன. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிற்பட்டது. “சென்னை மாகாணம்”, “சென்னை மாநிலம்”, “தமிழ்நாடு” என்பவை வரிசையாக வந்தவை. மூன்றாவது 1969 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பெயர். எழுத்து வடிவத்தைப் பார்த்துக் காலம் சொல்வோரும் உண்டு: “னை”, “லை” போன்ற எழுத்துகள் தும்பிக்கை போன்ற கொம்புடன் இருந்தால் அது 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிப்பதற்கு முந்தையது என்பார்கள். இதை நான் முழுமையாக நம்புவதில்லை. வாங்கிப் போட்ட ஈய எழுத்துகளைச் சிறிய அச்சகங்கள் உடனே உருக்கிவிடவில்லை. மறுபுறம், பெரியாரின் குடிஅரசு இதழ் 1935இலேயே சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், சுயமரியாதைக் குடும்பத்து அழைப்பிதழ் ஒன்று காலத்துக்கு முந்தியே புது எழுத்தில் இருக்கக்கூடும். எழுத்தை ஒரு சாட்சியாக மட்டும் கொள்ளுங்கள். தீர்ப்புக்கு அது போதாது.

சிறுவயதில் சேர்த்த தீப்பெட்டிப் படங்களை நோட்டில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தேன். இப்போது ஓரங்களில் ஏதோ அரித்திருக்கிறது. தண்ணீரில் நனைத்துப் பிரித்துவிடலாமா?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

அரித்தது இராமபாணப் பூச்சி. வெள்ளியைத் தேய்த்ததுபோல் மின்னிக்கொண்டு ஓடுமே, அதுதான். அதற்குப் படத்தின் மேல் ஆசையில்லை. நீங்கள் வைத்த சோற்றின் மாவுச்சத்துதான் வேண்டும். இருந்தாலும் நனைக்க வேண்டாம். பெட்டியில் ஒட்டி எறிவதற்காக மலிவான மையில் அச்சிட்ட படங்களில் சிவப்பு கரைந்து நீலத்தில் ஓடிவிடும் அபாயம் உண்டு. நோட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படத்தை ஒட்டினீர்கள் என்பதும் சேகரிப்பின் ஒரு பகுதி. பக்கங்களை மெல்லிய தூரிகையால் தட்டி, இரண்டு நாள் நிழலில் காற்றாட விரித்து வைத்துவிட்டு, தரையிலும் வெளிச்சுவரிலும் படாத இரும்பு அலமாரியில் வையுங்கள். வசம்பும் கருஞ்சீரகமும் கிராம்பும் இடித்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கு இடையே வைக்கும் பழைய முறையைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் பின்பற்றியிருக்கிறார்கள். முடிச்சு தாளில் படாமல் மூலையில் இருக்கட்டும்.

கோவில்பட்டிக்காரரிடம் தீப்பெட்டியைப் பற்றி நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காக: சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அன்றைய பெட்டி மரச்சில்லால் ஆனது, அதன் மேல் படத்தைத் தனியே அச்சிட்டு ஒட்ட வேண்டும். அந்தப் படங்களை அச்சிடும் தேவையும் சேர்ந்துதான் சிவகாசியை அச்சு நகரமாக வளர்த்தது. பிற்பாடு அட்டைப்பெட்டி வந்து, படம் அட்டையிலேயே அச்சானது. பிரித்தெடுத்துச் சேர்க்கும் தனிப் படம் அதோடு அரிதாகிவிட்டது.

நல்ல நுங்கை எப்படி அடையாளம் காண்பது?
— ஒரு வாசகி, மதுரை

சீவி அடுக்கி வைத்ததை வாங்காமல், உங்கள் கண்ணெதிரே காயை வெட்டச் சொல்லுங்கள். கட்டைவிரல் அழுத்தத்துக்குச் சுளை குழிந்து, உள்ளே நீர் அசைய வேண்டும். கல்போல் இருந்தால் அது முற்றியது, வயிறு வலிக்கும். பதநீரைக் காலையிலேயே குடித்துவிடுங்கள்.

வீட்டில் இரண்டு பெட்டி நிறையப் பழைய நோட்டீசுகள், அழைப்பிதழ்கள், பேருந்துச் சீட்டுகள் இருக்கின்றன. இவற்றுக்கு ஏதாவது விலை கிடைக்குமா? பிள்ளைகள் எடைக்குப் போடச் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகர், தேவகோட்டை

பெரும்பாலானவற்றுக்கு விலை என்று சொல்லும்படி எதுவும் கிடைக்காது. ஆனால் உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நிற்காமல் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. அவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, அவற்றை அடித்தளமாகக் கொண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994இல் உருவானது.

ஆகவே உடனே எடைக்குப் போடாதீர்கள். குண்டூசியையும் ரப்பர் பேண்டையும் முதலில் அகற்றுங்கள். ஒன்று துருப்பிடித்துத் தாளை அரிக்கும், மற்றது உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றும் யாருடையது, எந்த ஊர், எதற்காக வைத்திருந்தார்கள் என்பதைத் தனித் துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். விடியற்காலையில் திண்ணையில் அமர்ந்து நாளொன்றுக்குப் பத்துத் தாள் என்று பார்த்தால், வைகாசிக்குள் ஒரு பெட்டி முடிந்துவிடும். மின்விசிறியை மட்டும் நிறுத்தி வையுங்கள். பேருந்துச் சீட்டுகள் பறந்துவிடும்.