மீன் தொட்டிக்கு நிலவொளி விளக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது? இரவு முழுக்க எரியவிடலாமா?

நிலவொளி விளக்கு என்பது நிலா வெளிச்சம்போல மங்கலாக எரியும் சிறு விளக்கு. இரவு முழுக்க வேண்டாம். மீன்கள் ஓய்வெடுக்க இருட்டு தேவை. பிரதான விளக்கு அணைந்தபின் ஒன்றிரண்டு மணி நேரம் எரிந்தால் போதும், அதை டைமர் பார்த்துக்கொள்ளட்டும். வெளிச்சம் சட்டென்று போனால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும், சில வெளியே துள்ளிவிடும். அந்த அதிர்ச்சியைத் தணிப்பதுதான் இந்த விளக்கின் முதல் பயன். இரவில் இரை தேடும் கெளுத்தி, அயிரை வகைகளைப் பார்த்து ரசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பலர் தேவைக்கு மேல் பிரகாசமானதை வாங்கிவிடுகிறார்கள். பௌர்ணமி வெளிச்சமே ஏறத்தாழ 0.3 லக்ஸுக்குள்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). அதனால் டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) உள்ளதாக வாங்குங்கள். தொட்டி வெளிச்சத்தில் புத்தகத்தை எளிதாகப் படிக்க முடிந்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

நீல நிறம் கட்டாயமில்லை. நிலவொளி என்பது சூரிய ஒளியின் பிரதிபலிப்பு, உண்மையில் சற்றே மஞ்சள் சாய்ந்தது. மங்கலில் நம் கண்ணுக்குத்தான் அது நீலமாகத் தோன்றுகிறது. மங்கிய வெள்ளையும் அழகாகவே இருக்கும். பச்சையம் நீல ஒளியை நன்றாக ஈர்க்கும் என்பதால், பிரகாசமான நீலம் நீண்ட நேரம் எரிந்தால் பாசி பெருகும்.

அடிமணலில் அலை நிழல் ஆட வேண்டுமா? நீளப்பட்டை விளக்கு அதைத் தராது. தொட்டியின் ஒரு முனையில் ஒன்றிரண்டு புள்ளி எல்.இ.டி. மட்டும் வைத்து, நீர்ப்பரப்பைப் பம்ப் லேசாக அசைக்கும்படி விடுங்கள்.

ஈரம் தாங்கும் விளக்காகப் பாருங்கள். ஒயர் வழியே வழியும் நீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்ட, ஒயரைப் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கவிட்டுச் செருகுங்கள்.