ஜேக்கப் ராத்ஸ்சைல்ட்: குடும்ப வங்கியா, சொந்த முயற்சியா?

வணக்கம். பிரிட்டன் வங்கியாளர் ஜேக்கப் ராத்ஸ்சைல்ட் பற்றிய உங்கள் கருத்தரங்கக் கட்டுரையில் "பட்டத்தோடு வங்கியும் பரம்பரையாக வந்தது" என்று எழுதியதை ஆசிரியர் சுழித்துவிட்டார், என்ன தப்பு என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் சொல்வது சரிதான். இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

பிரபுப் பட்டம், விலங்கியல் அறிஞரான தந்தை விக்டர் 1990-இல் இறந்தபோது வந்தது. வங்கிக் கதை அதற்குப் பத்து வருடம் முன்பே முடிந்துவிட்டது. ஜேக்கப் 1963-இல் குடும்ப வங்கியில் சேர்ந்தார். வெளி முதலீட்டைச் சேர்த்து வங்கியைப் பெரிதாக்க வேண்டும் என்றார். கட்டுப்பாடு குடும்பத்தின் கையைவிட்டுப் போகக்கூடாது என்றார் உறவினர் எவலின். பெற்ற தந்தையே எவலின் பக்கம் நின்றார். 1980-இல் ஜேக்கப் வெளியேறினார். கையோடு கொண்டுபோனது ஆர்.ஐ.டி. என்ற முதலீட்டு நிறுவனத்தை. உங்கள் கட்டுரையின் உயிரே இந்த இடம்தான், இதை விரிவாக எழுதுங்கள். 1991-இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். அதுதான் இன்றைய செயின்ட் ஜேம்ஸஸ் பிளேஸ்.

அப்புறம், பட்டத்தைப் பற்றி இன்னொன்று: 1999 சட்டத்துக்குப் பிறகு 92 பேர் தவிர மற்ற பரம்பரைப் பிரபுக்கள் பிரிட்டன் நாடாளுமன்ற மேலவையில் இருந்த இடத்தை இழந்தார்கள். அந்த 92 பேரில் இவர் இல்லை.

இடம் மிஞ்சினால் லண்டன் ஸ்பென்சர் ஹவுஸைச் சேருங்கள். அலுவலகமாகிப் போயிருந்த அந்த 18-ஆம் நூற்றாண்டு மாளிகையைப் பழைய அழகுக்கு மீட்டவர் இவர்தான்.