பழைய வீட்டு மரத்தில் மாவு கொட்டுகிறது, என்ன செய்வது?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் இடித்த ஒரு வீட்டிலிருந்து தேக்கு உத்திரங்களும் ஒரு ஜோடிக் கதவும் வாங்கினேன். கட்டிலும் சாப்பாட்டு மேசையும் செய்ய எண்ணம். ஷெட்டில் அடுக்கிக் கொஞ்ச நாளில் அடியில் வெளிர் மாவு கிடக்கிறது, மரத்தில் குண்டூசித் துளைகள். 'பழைய என்ஜின் ஆயில் அடித்தால் போதும்' என்கிறார் ஆசாரி. அடிக்கலாமா?

பதில்: ஆயில் வேண்டாம். அது உள்ளே இறங்காது, புழுவும் சாகாது. அப்புறம் அந்த மரத்தில் பாலிஷ் பிடிக்காது, கட்டிலில் படுத்தால் நாற்றம் போகாது.

முதலில் பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் பார்க்கும் துளை வண்டு உள்ளே போன வழி அல்ல, வளர்ந்து வெளியேறிய வழி. நூறு வருடத்து உத்திரத்தில் அந்த வண்டு உங்கள் தாத்தா காலத்திலேயே போயிருக்கலாம். லாரியில் ஏற்றி இறக்கிய அதிர்ச்சியில் பழைய மாவும் கொட்டும். மரத்தை நன்றாகத் துடைத்து, துளைகளில் மெழுகு தேய்த்து, அடியில் கறுப்புக் காகிதம் விரித்துச் சில வாரங்கள் விடுங்கள். மெழுகைத் துளைத்துக்கொண்டு புதுத் துளை வந்தாலோ, காகிதத்தில் புது மாவு விழுந்தாலோ பூச்சி இருக்கிறது. புதுத் துளையின் உட்புறம் வெளிறித் தெரியும், பழையது கறுத்திருக்கும்.

மாவைத் தொட்டும் பாருங்கள். முகப்பவுடர் போல நைசாக இருந்து, துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால் அநேகமாக லிக்டஸ் வகை வண்டு. மாவாக இல்லாமல் கசகசா மாதிரி மணிமணியாக விழுந்தால் அது உலர்மரக் கறையான். துளை முட்டை வடிவில் பெரிதாக இருந்தால் நீள்கொம்பு வண்டாக இருக்கலாம். அதன் புழு காய்ந்த மரத்துக்குள் பல ஆண்டுகள் கிடக்கும் என்பதால், சில வாரம் பார்த்து ஒன்றும் இல்லை என்று விட்டுவிட முடியாது.

லிக்டஸ் என்றால் பாதி வேலையை ரம்பமே முடித்துவிடும். அதன் புழுவுக்கு வேண்டியது மரத்திலுள்ள மாவுச்சத்து. அது இருப்பது ஓரத்து வெள்ளைப் பகுதியில்தான். தேக்கின் வைரத்தில், அதாவது நடுவிலுள்ள கறுத்த கெட்டிப் பகுதியில், அதற்குச் சாப்பாடு கிடையாது. ஆகவே உத்திரத்தை மரவாடியில் பலகையாக அறுக்கும்போதே வெள்ளையை முழுக்கச் சீவிவிடச் சொல்லுங்கள். அளவு குறைகிறதே என்று விட்டுவைக்க வேண்டாம். அறுப்பதற்கு முன் ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ரம்பக்காரரிடம் பாட்டு வாங்க வேண்டும். சீவிய வெள்ளையை அன்றே எரித்துவிடுங்கள். பக்கத்தில் மூங்கிலோ ரப்பர் மரச் சாமானோ இருந்தால் வண்டு அதில் குடியேறும்.

மிச்சமிருக்கும் புழுவைக் கொல்ல நம்பகமான வழி சூடுதான். ஏற்றுமதிப் பெட்டி மரங்களுக்கான ஐஎஸ்பிஎம் 15 விதி, மரத்தின் நடுமையம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது. மரம் உலர்த்தும் சூளை உள்ள பட்டறையில் இதைச் செய்து தருவார்கள். பலகையாக அறுத்தபின் கொடுத்தால் சூடு சீக்கிரம் உள்ளே இறங்கும். கறுப்பு பாலிதீனில் சுற்றிச் சித்திரை வெயிலில் போடுவதும் மெல்லிய பலகைக்குச் சில சமயம் உதவும். ஆனால் துளை போட்டு வெப்பமானியைச் செருகி நடுவில் எவ்வளவு ஏறியது என்று பார்க்காமல் அதை நம்பாதீர்கள். உத்திரத்துக்கு அது எடுபடாது.

சூடு கொல்லும், நாளைக்குக் காப்பு தராது. அதற்கு போரிக் ஆசிடும் வெங்காரமும் (போராக்ஸ்). பத்து லிட்டர் வெந்நீரில் போரிக் 400 கிராம், வெங்காரம் 600 கிராம் கரைத்து, பாலிஷ் போடாத வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை நனையத் தடவி, பிளாஸ்டிக்கால் ஒரு வாரம் மூடிவைத்துப் பிறகு காயவிடுங்கள். கேரம் போர்டில் தூவுகிற அதே போரிக்தான், ஆனாலும் கையுறை போடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தண்ணீரில் கரைவதால் மழை படும் இடத்துக்கு இது ஆகாது. சாப்பாட்டு மேசையின் மேல்பலகைக்குத் தடவ வேண்டாம், அதற்குச் சூடு போதும். கட்டில் சட்டம், மேசைக் கால், கதவின் பின்புறம், எல்லா முனைகளும் கட்டாயம். கதவின் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காமல் ஈரப்படுத்திச் சுரண்டுங்கள்.

ஊசியால் துளைக்குள் மருந்து ஏற்றுவதைப் பலர் செய்கிறார்கள். லிக்டஸ் சுரங்கத்தில் மாவு அடைத்துக் கிடப்பதால் மருந்து அதிகத் தூரம் ஓடுவதில்லை. மனசுக்குத்தான் ஆறுதல்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அரிசி மூட்டைக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை ஷெட்டிலோ வீட்டிலோ வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொன்றுவிடும். புகையூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தாரிடம் விட்டுவிடுங்கள். நீள்கொம்பு வண்டு இருந்து, செதுக்கல் வேலையுள்ள கதவை அறுக்கவும் சூடேற்றவும் மனமில்லை என்றால் அந்தச் செலவு தகும்.