அறக்கொட்டியான் மருந்துக்குப் பழகுமா?

கேள்வி: எங்கள் வட்டையில் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டியான் பூச்சியை முன்பு அடக்கிய மருந்து இப்போது வேலை செய்வதில்லை. அடிக்க அடிக்கப் பூச்சி பழகிவிட்டது என்கிறார்கள். உண்மையா?
– விவசாயி, வெல்லாவெளி

பதில்: மருந்து தோற்றது உண்மை, சொல்லும் காரணம் பிழை. எந்தப் பூச்சியும் பழகவில்லை. தாங்க முடியாதவை செத்தன. தாங்கக்கூடிய சில, நீங்கள் தெளிகருவியை முதுகில் ஏற்றுமுன்பே வயலில் இருந்தன. அந்தத் தாங்கும் திறன் பரம்பரையலகில் (ஜீனில்) தற்செயலாக நேர்ந்த மாற்றத்தால், அதாவது விகாரத்தால், வந்தது.

கணக்கொன்று போட்டுப் பாருங்கள். ஓர் இலட்சம் பூச்சிக்கு ஒன்று தாங்கும் வகை என்றும், மற்றவற்றில் 95 சதவீதம் ஒவ்வொரு முறையும் சாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் அடிக்குப் பின் 5,000க்கு ஒன்று. இரண்டாவதற்குப் பின் 250க்கு ஒன்று. மூன்றாவதற்குப் பின் ஏறக்குறைய 13க்கு ஒன்று. அதுவரை மருந்து நன்றாகத்தான் கேட்கிறது என்று தோன்றும். நான்காவது அடியோடு வயலில் மிஞ்சுபவற்றில் பாதிக்கு மேல் தாங்கும் வகை! இந்தப் பூச்சிக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு போகத்துக்குள்ளேயே மூன்று தலைமுறை வந்துவிடும். தனிப் பூச்சி மாறவில்லை, கூட்டத்தின் விகிதம் மாறியது. இயற்கைத் தேர்வு என்பது இதுதான்.

ஆகவே அதே மருந்தை இரட்டிப்பாகக் கலக்காதீர்கள். தேர்வு இன்னும் கடுமையாகும். போத்தலில் வணிகப் பெயரை விட்டுவிட்டு உள்ளிருக்கும் இரசாயனத்தின் பெயரைப் பாருங்கள். பெயர் வேறாக இருந்தும் இரசாயனத் தொகுதி ஒன்றேயானால் நீங்கள் மருந்தை மாற்றவே இல்லை. வரம்பில் நின்று பார்த்தால் போதாது: பற்றையை விரித்து, தண்ணீருக்குச் சற்று மேலே அடித்தண்டில் பாருங்கள், பூச்சி அங்கேதான் ஒட்டியிருக்கும். இலைக்கு மேலால் விசிறிவிட்டு வந்தால் சிலந்தி சாகும், அறக்கொட்டியான் தப்பும். வக்கடையைத் திறந்து சில நாள் நீரை வடியவிடுங்கள். யூரியாவை அளவுக்கு மேல் போடாதீர்கள், நெருக்கி விதைக்காதீர்கள்.

நெல்லினத்துக்கும் இதே கணக்குத்தான். பிலிப்பைன்ஸில் 1973இல் வெளியிட்ட ஐஆர் 26 இனம் அறக்கொட்டியானை எதிர்த்து நின்றது. ஒரே ஒரு பரம்பரையலகை நம்பியிருந்த அந்த எதிர்ப்பு, அதைத் தாங்கும் பூச்சிகள் பெருகியதால் சில வருடங்களிலேயே உடைந்தது. நம் நாட்டுப் பழைய நெல்லான ரத்து ஹீனட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்புப் பரம்பரையலகுகள் உண்டு. பழைய விதையைக் கைவிட வேண்டாம் என்று நாங்கள் ஓயாமல் எழுதுவது இதனால்தான்.

கேள்வி: பூச்சி நெருக்கமாகப் பெருகியதும் நீண்ட சிறகுள்ளவை தோன்றுகின்றன. தேவைக்காகச் சிறகு வளர்ப்பது கூர்ப்பு (பரிணாமம்) தானே?
– உயர்தர உயிரியல் மாணவி, சம்மாந்துறை

பதில்: இல்லை மகள். ஒரே பரம்பரையலகுகளுடன் பிறந்த குஞ்சு, நெருக்கத்திலும் பழுதடையும் பயிரிலும் வளர்ந்தால் நீண்ட சிறகு பெறும். இளம்பயிரில் தாராளமாக வளர்ந்தால் குறுஞ்சிறகு பெறும். பறந்துபோன தாயின் பிள்ளைகள் புதுவயலில் திரும்பக் குறுஞ்சிறகுடன் வளரலாம். நெருக்கத்தை உணர்ந்து சிறகைத் தீர்மானிக்கும் அந்த ஏற்பாடுதான் கூர்ப்பில் வந்தது.

'தேவைப்பட்டது, ஆகவே வந்தது' என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். 1952இல் அமெரிக்க விஞ்ஞானிகளான ஜோஷுவா லெடர்பர்க்கும் எஸ்தர் லெடர்பர்க்கும் ஒரு தட்டில் வளர்ந்த பற்றீரியாக்களை வெல்வெட் துணியால் ஒற்றி, மருந்திட்ட பல தட்டுகளில் அதே ஒழுங்கில் பதித்தார்கள். எல்லாத் தட்டிலும் ஒரே இடங்களில்தான் உயிர் பிழைத்தன. தாய்த்தட்டில் அதே இடத்திலிருந்த, மருந்தின் வாடையே படாத பற்றீரியாக்களிலும் எதிர்ப்பு இருந்தது. எத்தனை அழகான சோதனை!

கேள்வி: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உங்கள் பெரியம்மாவின் மகளிடமிருந்து நீங்கள் பிறக்கவில்லை, இருவருக்கும் அம்மம்மா ஒருத்தி. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய 60, 70 இலட்சம் வருடங்களுக்கு முன் வாழ்ந்தது. உங்கள் வளவில் மாங்காய் பறிக்கும் குரங்கின் கிளை அதற்கும் வெகுமுன்பே, 2 கோடி வருடங்களுக்கும் முன், பிரிந்துவிட்டது. அதுவும் அன்றிருந்தபடி இன்றில்லை.