விடியற்காலையில் மகள் பூப் பறிப்பது குற்றமா?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் அரை ஏக்கரில் குண்டுமல்லி போட்டிருக்கிறோம். ஆள் கிடைப்பதில்லை. ஏழாவது படிக்கும் 12 வயது மகள், காலை ஐந்து மணிக்கு எழுந்து ஏழு வரை எங்களோடு பூப் பறிக்கிறாள். சீசனில் பக்கத்துத் தோட்டத்திலும் பறிப்பாள், கிலோவுக்கு இவ்வளவு என்று தருவார்கள். வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுக் கண்டித்தார். பெற்ற மகள் சொந்தத் தோட்டத்தில் வேலை செய்தால் கேஸ் வருமா?

பதில்: பக்கத்துத் தோட்டத்தை முதலில் நிறுத்துங்கள். அது உதவி இல்லை, கூலி வேலை. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பிடிவாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். "அவங்க அப்பாவே அனுப்பினார்" என்று தோட்டக்காரர் சொன்னால் அவருக்கும் பயனில்லை, உங்களுக்கும் சிக்கல்.

இனி உங்கள் தோட்டம். பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று சட்டம் விலக்கு தருகிறது. பெற்றோர், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெரியப்பா சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா சித்தி எல்லோரும் அந்தக் 'குடும்ப'த்தில் வருகிறார்கள். வேடிக்கை, தாத்தா பாட்டி வரவில்லை!

ஆனால் 2017-இல் வந்த விதிகள் இந்த விலக்கை நன்றாக இறுக்கிவிட்டன. இரவு ஏழு மணி முதல் காலை எட்டு மணி வரை உதவியே கூடாது. ஓய்வு நேரம் போக ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. பெரியவர் ஒருவர் செய்யவேண்டிய வேலைக்குப் பிள்ளையை நிறுத்தக் கூடாது. உற்பத்தியிலோ விற்பனையிலோ குடும்பத்துக்கு வருமானம் தரும் வேலையாகவும் அது இருக்கக் கூடாது. வெயில் ஏறுமுன் மொட்டாகப் பறித்தால்தான் மல்லிக்கு விலை என்பது எனக்கும் தெரியும். விதி எழுதியவர்கள் மல்லித் தோட்டத்தை நினைத்து எழுதவில்லை. அதற்காக விதி வளையாது. ஆள் கிடைக்காத குறைக்கு மகளை நிறுத்தி, அன்றே மார்க்கெட்டுக்குப் போகும் பூவை ஐந்து மணிக்குப் பறிக்க வைப்பது நான் சொன்ன நிபந்தனைகளில் மூன்றை மீறுகிறது.

உடனே ஜெயில் என்று பயப்பட வேண்டாம். வியாபார நோக்கத்துக்காகப் பிள்ளையை வேலைக்கு விட்டால் மட்டுமே பெற்றோருக்குத் தண்டனை. அதுவும் முதல் முறைக்குத் தண்டனை இல்லை. ஒருமுறை குற்றம் நிரூபணமாகி மறுபடி செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். பறித்த பூ விற்பனைக்குத்தானே போகிறது, அதனால் 'வியாபார நோக்கம் இல்லை' என்று வாதாட உங்களுக்கு அதிக இடமில்லை.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யாராவது புகார் செய்து அதிகாரி வந்தால் பிள்ளையை ஒளிக்காதீர்கள், வயதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள். குழந்தைகள் நலக் குழு அழைத்தால் மகளோடு நேரில் போங்கள். காலைப் பறிப்பை நிறுத்தியாகிவிட்டது என்று டீச்சரிடம் இந்த வாரமே சொல்லிவிட்டு வாருங்கள். நாளை விசாரணை வந்தால் அவர் சொல்வதைத்தான் முதலில் கேட்பார்கள். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, வீட்டுச் செடிக்கு ஊற்றுவது போன்றவற்றை யாரும் கேட்கப் போவதில்லை. மருந்தடிக்கும் நாளில் மட்டும் தோட்டத்துப் பக்கமே விடாதீர்கள்.