கென்யாவின் 1,500 கிலோ ‘சிங்கம்’

கேள்வி: கென்யாவில் துருவக் கரடியைவிடப் பெரிய சிங்கம் வாழ்ந்ததாமே? 1,500 கிலோ எடையாம்! இன்றைய சிங்கத்தின் பாட்டன் அதுதானா? அவ்வளவு பெரிய மிருகத்தின் எலும்பு 40 ஆண்டுகள் மியூசியத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. (ஒரு வாசகர், தேனி)

பதில்: பாட்டனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. நீங்கள் கேட்கும் சிம்பாகுப்வா சுமார் 2.2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. ஹயனோடான்ட் என்ற, இறைச்சி தின்னும் பழங்காலப் பாலூட்டிகளின் வேறு குலம். வாரிசு இல்லாமல் அந்தக் குலமே பூண்டற்றுப் போய்விட்டது. ஆய்வாளர்கள் சுவாஹிலி மொழியில் ‘பெரிய சிங்கம்’ என்று பெயர் வைத்துத் தொலைத்தார்கள். செய்தி எழுதியவர்கள் பெயரோடு நின்றுவிட்டார்கள்.

வாயைத் திறந்து பார்த்திருந்தாலே குட்டு உடைந்திருக்கும். சிங்கத்துக்குத் தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் இறைச்சியை நறுக்கும் பல் ஒரு ஜோடிதான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கத்தரிக்கோலாக உரசி வெட்டும். அதற்குப் பின்னால் சொல்லிக்கொள்ளும்படியான பல் கிடையாது. சிம்பாகுப்வாவுக்கோ கடைவாயின் கோடி வரை, பக்கத்துக்கு மூன்று ஜோடி!

எடைக்கு வருவோம். முழு எலும்புக்கூடு யாரிடமும் இல்லை. கிடைத்தது தாடையின் பெரும்பகுதி, பற்கள், சில எலும்புத் துண்டுகள். பல்லை அளந்துதான் உடம்பைக் கணக்கிட்டார்கள். பெரும்பூனைகளுக்கான சூத்திரத்தில் போட்டால் 1,500 கிலோவைத் தொடுகிறது. ஹயனோடான்ட்களுக்கென்றே உள்ள சூத்திரத்தில் போட்டால் 280 கிலோ, அதாவது ஒரு பெரிய ஆண் புலிக்குக் கொஞ்சம் கூட. பூனையே அல்லாத மிருகத்துக்குப் பூனைக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று தலைப்பு போட்டவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் தலைப்பு ஏது?

மியூசியத்தில் கிடந்த கதை மட்டும் உண்மை. 1978-80இல் மேற்குக் கென்யாவின் மெஸ்வா பிரிட்ஜில் தோண்டியவர்கள் தேடியது ஆதிகால வாலில்லாக் குரங்குகளை. இந்தத் தாடை நைரோபி மியூசியத்து இழுப்பறைக்குப் போய்விட்டது. ஹயனோடான்ட் ஆராய்ச்சிக்காக அங்கே போன மேத்யூ போர்த்ஸ் இழுப்பறையைத் திறந்ததால் விடிவு வந்தது. அவரும் சக ஆய்வாளர் நான்சி ஸ்டீவன்ஸும் 2019இல் கட்டுரை வெளியிட்டார்கள். இதில் நம்ப முடியாதது என்ன? தோண்டி எடுப்பவர்கள் பலர்; உட்கார்ந்து பல்லை எண்ணுகிறவர்கள் சிலரே. உலகத்து மியூசியங்கள் எல்லாவற்றிலும் இதுதான் நிலைமை.

இன்னொன்று. இந்தக் குலத்தில் கடைசி வரை தாக்குப்பிடித்தவற்றில் ஒன்றான டிஸ்ஸோப்சாலிஸ், நம் துணைக்கண்டத்தின் சிவாலிக் பாறைகளில் கிடைத்தது. 1910ஆம் ஆண்டிலேயே பெயரும் சூட்டியாகிவிட்டது. அதைப் பற்றி இதுவரை எந்த வாசகரும் எனக்கு எழுதியதில்லை. தலைப்புக்கு ஏற்ற எடை அதற்கு இல்லை போலும்!