சுண்டிப் பார்த்தால் மட்டும் போதுமா? வெள்ளி ரூபாய் பற்றிய கேள்விகள்

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டிகள் கீழே இறங்கும். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி பழைய ரூபாய்களைப் பற்றியவைதான். பாதிப் பேர் தலைப்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பி, "ஒரிஜினலா சார்?" என்று கேட்கிறார்கள். எடை தெரியாமல், விளிம்பைப் பார்க்காமல் நான் என்ன சொன்னாலும் அது ஜோசியம்தான்.

அப்பத்தாவின் பெட்டியில் 1862 விக்டோரியா ரூபாய் ஒன்று கிடைத்தது. காந்தம் ஒட்டவில்லை. அப்படியானால் நல்ல காசுதானே? (காரைக்குடி)

காந்தம் ஒட்டினால் அந்தக் காசு வெள்ளி இல்லை. ஆனால் ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது. செம்பு, பித்தளை, ஈயம், ஜெர்மன் சில்வர் (பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்) எதிலும்தான் காந்தம் ஒட்டாது.

முதலில் எடை. 1835-இல் கிழக்கிந்திய கம்பெனி ஆட்சி கொண்டுவந்த பொது ரூபாய் சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, மீதி செம்பு. 1939 வரை இந்தக் கணக்கு மாறவில்லை. கைமாறித் தேய்ந்த காசு 11.4, 11.5 காட்டினால் பரவாயில்லை. 11-க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். 12 காட்டினால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள். காசு தேயும், வளராது.

எடை சரியாக இருந்தால் அடுத்தது தண்ணீர்ச் சோதனை. இரண்டு தசமம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசின் மேல் பாதியளவு தண்ணீருடன் ஒரு டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் அமிழும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது, காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கவும் கூடாது. தேயாத நல்ல ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் அளவில் நிற்கும். அதே எடையுள்ள ஜெர்மன் சில்வர் காசு 1.34 பக்கம் போகும். காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் 10.3 வர வேண்டும். ஐந்து நிமிட வேலை, காசில் ஒரு கீறல்கூட விழாது.

கடைசியாக எழுத்தைப் படியுங்கள். 1862 காசில் 'விக்டோரியா குயின்' என்றுதான் ஆங்கிலத்தில் இருக்கும். 'எம்பிரஸ்' என்ற பட்டம் 1877-இலிருந்துதான் காசில் வருகிறது. 1862 என்ற ஆண்டும் 'எம்பிரஸ்' என்ற சொல்லும் ஒரே காசில் இருந்தால் தராசைத் தேடவே வேண்டாம். இன்னொன்று, 1862 என்ற ஆண்டையே மாற்றாமல் பத்து வருஷத்துக்கு மேல் அடித்துத் தள்ளினார்கள். எனவே உங்களுடையது நல்ல காசாகவே இருந்தாலும் அபூர்வம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சுண்டினால் 'டிங்' என்று நல்ல சத்தம் வருகிறது. நகைக்கடை மெஷினிலும் வெள்ளி என்றே காட்டியது. இதற்கு மேல் என்ன வேண்டும்? (ஈரோடு)

விளிம்பு வேண்டும். சத்தம் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் கல்லாப் பலகையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினார்கள். ஈயம் கலந்த காசு 'தொப்'பென்று விழும். ஆனால் உள்ளே விரிசல் விட்ட நல்ல காசும் அப்படித்தான் விழும். நகைக்கடை மெஷின் காசின் மேல்தோலை மட்டுமே படிக்கிறது, கனமாக வெள்ளி முலாம் பூசினால் அதை ஏமாற்றிவிடலாம். சரி, உள்ளேயும் வெள்ளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளியை உருக்கியே போலி செய்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

நான் ஏமாந்தது அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடை ஒன்றில் கம்பெனி ரூபாய் ஒன்றை வாங்கினேன். எடை சரி, சத்தம் சரி. வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைத் திருப்பிப் பார்த்தபோதுதான் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கோடு சுற்றி ஓடுவது தெரிந்தது. அதை அரத்தால் ராவி மறைத்திருந்தார்கள். ராவிய இடத்தில் விளிம்பின் பல்வரிசை மழுங்கிக் கிடந்தது. ராணியின் கூந்தல் இழைகள் சோப்பில் செதுக்கியதுபோல வழவழவென்று இருந்தன. எழுத்துகளுக்கு நடுவே குண்டூசி முனை அளவில் குழிகள். அது அச்சில் அடித்த காசு இல்லை. நல்ல காசு ஒன்றிலிருந்து அச்செடுத்து, உருக்கி வார்த்த காசு.

நாணயச்சாலையில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் செங்குத்தாக எழும்பி நிற்கும். தேய்ந்த காசிலும் எழுத்தின் அடிவாரம் கூர்மையாகவே இருக்கும், மேடுதான் மழுங்கும். வார்ப்பில் மேடு பள்ளம் எல்லாமே ஒரே மாதிரி மழுங்கியிருக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். பழக, ஐயமில்லாத சாதாரண ரூபாய் ஒன்றை வாங்கி, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

1911 ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் மார்பில் இருக்கும் யானை பன்றி மாதிரி இருக்கிறது. 1912 காசில் அப்படி இல்லை. 1911 போலியா? (மதுரை)

இல்லை. மன்னரின் அங்கியில் செதுக்கிய யானையின் தும்பிக்கை குட்டையாகப் போய்விட்டதால் மக்கள் அதைப் பன்றி என்றே சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பி, காசைத் திரும்பப் பெற்று, அடுத்த வருஷம் யானையை ஒழுங்காகச் செதுக்கினார்கள். 1911 என்று போட்ட காசில் தும்பிக்கை நீளமாக, யானை அழகாக இருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

1939 ரூபாய் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? (கோயம்புத்தூர்)

ஆறாம் ஜார்ஜ் காசுகளில் கிடைப்பதற்கு அரிது 1939 வெள்ளி ரூபாய். அதனாலேயே போலிகளும் அதில் அதிகம். சுலபமான வழி, 1938 காசில் எட்டை ஒன்பதாக மாற்றிவிடுவது. எடை, வெள்ளி, சத்தம், விளிம்பு என்று எல்லாச் சோதனையிலும் அது தேறிவிடும், ஏனென்றால் காசு உண்மையானதுதான், ஆண்டு மட்டும்தான் பொய். கடைசி இலக்கத்தை லென்ஸில் பாருங்கள். சுற்றியுள்ள தளத்தில் சுரண்டிய கோடு, நிற மாற்றம், மற்ற இலக்கங்களோடு ஒட்டாத உயரம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த ஒரு காசை மட்டும் நன்றாகத் தெரிந்தவர் கையில் கொடுத்துக் காட்டாமல் வாங்காதீர்கள்.

1947 ரூபாயைக் காந்தம் கப்பென்று இழுக்கிறது! (தஞ்சாவூர்)

இழுக்கத்தான் வேண்டும். போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டில் 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் பின்பக்கம் புலியோடு வந்த ரூபாய் முழுக்க நிக்கல். அதைக் காந்தம் இழுக்காவிட்டால்தான் எனக்கு எழுத வேண்டும்.

கிழக்கிந்திய கம்பெனி, 1818, ஒரு அணா. பின்பக்கம் ராமர் பட்டாபிஷேகம். கோடிக்கு வாங்குகிறோம் என்று போன் வந்தது. முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். (விழுப்புரம்)

கட்டாதீர்கள். அது காசே இல்லை. 'ஒரு அணா' என்று ஆங்கிலத்தில் எழுதிய காசைக் கம்பெனி அடித்ததே கிடையாது. அப்படி எழுதிய ஒரு அணா வந்தது எட்வர்ட் மன்னர் காலத்தில், அதுவும் நிக்கல் கலந்த உலோகத்தில். ராமர், அனுமன், லட்சுமி படம் போட்டு 1616, 1717, 1818 என்று வருவதெல்லாம் பிற்காலத்தில் யாரோ செய்த வில்லைகள். பூஜையறையில் வைக்கலாம், தப்பில்லை. பழைய காசு, நோட்டு வாங்க விற்க ரிசர்வ் வங்கி யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021-இல் அறிவித்திருக்கிறது. "அரிசியை இழுக்கும் காசு" என்று அபூர்வ சக்திக் கதை சொல்லிப் பணம் பறிக்க வருபவரும் இதே ரகம்தான்.

கோபுரம் போட்ட அரை வராகன் வெள்ளிக் காசு. உற்றுப் பார்த்தால் அடியில் வேறு ஏதோ எழுத்து நிழலாகத் தெரிகிறது. போலியா? (சென்னை)

அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்! 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நாணயச்சாலையில் ஸ்பானிய வெள்ளி டாலர்களையே வில்லையாக வைத்து அதன் மேல் புது அச்சை அடித்தார்கள். பழைய காசின் எழுத்து முழுதாக அழியாமல் நிழலாக நிற்பதுண்டு. அப்படித் தெரிவதைச் சேகரிப்பவர்கள் விரும்பியே வாங்குகிறார்கள். எடையையும் விளிம்பின் படத்தையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அம்மாவின் காசுமாலையில் இருந்த விக்டோரியா ரூபாய். கொக்கியை எடுத்துவிட்டுப் புளி போட்டுத் தேய்த்தேன், பளபளவென்று ஆகிவிட்டது. என்ன விலை போகும்? (நாகர்கோவில்)

காசு நல்லதாகத்தான் தெரிகிறது. ஆனால் பற்றாசு வைத்து ஒட்டிய தழும்பு மன்னர் ராணி யார் தலையில் இருந்தாலும் மறையாது. நூறு வருஷமாகப் படிந்த கருமையையும் நீங்கள் புளியோடு கழுவிவிட்டீர்கள். இனி அதற்கு வெள்ளி விலைதான். புளி, விபூதி, டூத் பேஸ்ட் எதையும் காசின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மாலையில் மீதிக் காசுகள் இன்னும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அவற்றைப் பிரிக்க வேண்டாம். இந்தக் காசையும் ஆசாரியிடம் கொடுத்துத் திரும்பக் கோர்த்துவிடுங்கள்.